பொம்மைக்குள் மாப்பிள்ளை

கொலைகாரப் பொம்மையாக நடிக்க எனக்கிருந்த ஒரே தகுதி, நான் குள்ளம் என்பதுதான். முப்பத்தாறு வயதுவரை பெண் அமையாததற்கும் ஊரில் அதையேதான் காரணமாகச் சொன்னார்கள்.

படம் எடுப்பவன் தீனதயாளன். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பேய்ப்பட ஆசைக்காக மாமனாரிடம் பேச்சு வாங்கியே பாதி வழுக்கையானவன். புதுச்சத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோழிப்பண்ணையில்தான் படப்பிடிப்பு. கிழட்டுக் கோழிகளை ஏற்றி அனுப்பிவிட்டு, அடுத்த குஞ்சுகள் வரும்வரை காலியாகக் கிடந்த கொட்டகைதான் பேய் பங்களா. எச்ச வாடைக்குப் பேயே வராது, நாங்கள் இருந்தோம்.

பொம்மை உடுப்பைச் செய்தவன் குணசீலன், லாரிக்கு சீட் தைக்கிறவன். முதுகில் வைத்த ஜிப் பிய்ந்துபோனதால், அன்று காலை என்னை உள்ளே விட்டு, கோணி ஊசியால் தைத்தே மூடிவிட்டான். பழகிய கை சும்மா இருக்குமா? நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டான். தைத்து முடித்ததும், “ராசிபுரத்துல ஒரு வண்டிக்கு அவசரமா சீட்டு மாட்டோணும், இதா வாரேன்” என்று ஊசியோடு கிளம்பினான். ஷாட் முடிந்தது. மதியச் சோறும் முடிந்தது, மற்றவர்களுக்கு. குணசீலன் போனை எடுக்கவில்லை.

உள்ளே நான் என் வியர்வையிலேயே வெந்துகொண்டிருந்தேன். மூக்கு அரித்தது. சொறியலாம் என்றால் கை இரண்டும் ரெக்சினுக்குள். வலது கையில் கத்தியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பொம்மையின் வாயில், பல்லுக்குப் பல் இருந்த இடைவெளிதான் எனக்கு ஜன்னல், மூச்சு எல்லாம்.

“டேய், ஒரு கத்தி குடுத்து அறுக்கச் சொல்றா.”

“எல்லாமே தெர்மாகோல் கத்திடா மாப்ளே.”

கொலைப்படம் எடுக்க வந்த கூட்டத்தில் ஒரு நிஜக் கத்தி இல்லை.

“இருந்தாலும் அறுக்க முடியாதுடா” என்றான் தீனா. “இருக்கறது ஒரே பொம்ம. க்ளைமாக்ஸ் பாக்கி. கிழிஞ்சா என்ற படம் அவ்வளவுதான்.”

அப்போதுதான் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “நவீனு, என்ற சாமி! பள்ளிபாளையத்துக்காரங்க வந்துட்டாங்கடா!”

புதன்கிழமை மாப்பிள்ளை பார்க்க வரவேண்டியவர்கள். திருச்செங்கோட்டுக் கோயிலுக்கு வந்தவர்கள், கையோடு பார்த்துவிடலாம் என்று காரைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் வாசல்வரை வந்த ஒரே ஜாதகம். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிவந்த கண், கோணல் வாய், தலையில் சவுரி முடி. பெற்ற வயிறு, என்ன சொல்லும்? தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குள் அவர்கள் கொட்டகைக்கே வந்துவிட்டார்கள். பல்லிடுக்கில் முதலில் ஒரு பட்டுச்சேலை தெரிந்தது. பெண்ணின் அம்மா ராசாத்தி. பின்னால் மஞ்சள் சுடிதாரில் அனிதா.

“மாப்பிள்ளை எங்கீங்க?” என்றார் ராசாத்தி.

அம்மா என்னைக் கைகாட்டினாள். நான் கும்பிட்டேன். கத்தியும் சேர்ந்து கும்பிட்டது.

ராசாத்தி இரண்டடி பின்னால் போனார். அனிதா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

“இதெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்க” என்றார் ராசாத்தி. “ராகு காலம் பொறக்கறதுக்குள்ள மாப்பிள்ளை மொகத்தக் கண்ணுல காட்டுங்க. இல்லீன்னா நாங்க கெளம்பறமுங்க. தட்டிப்போனத மறுபடியும் பேசறது எங்க ஊட்டுல வழக்கமில்லீங்க.”

அம்மா ஓடிப்போய்த் தேங்காய் வெட்டும் அருவாளோடு வந்தாள். தீனா குறுக்கே கையை நீட்டினான். பிறகு அவனே கையை இறக்கிக்கொண்டான். “அறுத்துருங்கம்மா. பரவால்லீங்க” என்றான். பரவாயில்லை என்கிற முகமா அது? கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பிவிடப்பட்டவன் முகம்.

அருவாள் முதுகில் பட்டது. ரெக்சினுக்கு மேலேயே அதன் சில்லிப்பு தெரிந்தது. ஒரு இழு இழுத்தால் காற்று, வெளிச்சம், பெண், எல்லாம். எனக்கு அழுகை வந்தது. வியர்வையோடு சேர்ந்து போனதால் மானம் தப்பியது.

“வேண்டாம்மா” என்றேன்.

“என்னடா வேண்டாம்? போக்கத்தவனே!”

“குணசீலன் வரட்டும். இவன் படம் வீணாப்போயிரும்மா.”

ராசாத்தி காரை நோக்கித் திரும்பிவிட்டார். அனிதா நகரவில்லை.

“ஏனுங்க” என்றாள் என்னிடம். “இந்தப் பொம்ம நல்லா ஓடுமுங்களா?”

“ஓடும். நாலு எட்டு வெச்சா உழுந்துருமுங்க.”

“நானு இந்த மாதிரிப் படமாத்தானுங்க தேடித் தேடிப் பாப்பேன். நெசமாப் பயமுறுத்துறது எனக்கு ஆகாது. இதுல பொம்ம நடந்து வாரப்பவே, உள்ளார ஒருத்தரு வேர்த்து விறுவிறுத்து நிக்கறது தெரியும். கொல்ல வாரதப் பாத்து, பாவம், தண்ணி குடிச்சாரோ என்னவோன்னு தோணும்.”

“குடிக்கலீங்க” என்றேன்.

“அனிதா! நேரமாச்சு!” என்றார் ராசாத்தி.

“ஒரு நிமிசம்மா.” அவள் போனில் டார்ச்சைப் போட்டு, கிட்டே வந்து குனிந்து, பொம்மையின் பல்லிடுக்கு வழியே உள்ளே அடித்தாள். எனக்குக் கண் கூசிப்போயிற்று.

“கண்ணத் தொறங்க” என்றாள்.

திறந்தேன். ஒரு சாண் தூரத்தில் அவள் கண் ஒன்றும், சிரிப்பை அடக்கிய பாதி வாயும்.

“பாத்துட்டேன்மா!” என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். “ராகு காலம் இன்னும் பொறக்கல. மூக்கு இருக்குது. மீசை பாதி தெரியுது. மீதிய அப்பறமாப் பாத்துக்கலாம்.”

பிறகு என் அம்மாவிடம், “அத்தை, சொம்புல தண்ணியும் ஒரு ஸ்ட்ராவும் இருந்தாக் குடுங்க” என்றாள்.