மாவிளக்குக்குப் போட்ட மாத்திரை

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அந்த ஊரில் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டித் திருவிழா தொடங்கிவிட்டால் சுப்பாத்தாளைக் கையில் பிடிக்க முடியாது. வெள்ளையடிப்பு, பித்தளைக் குடத்துக்குப் புளி, மாவுக்கு நல்ல பச்சரிசி என்று வீடே அமர்க்களப்படும். இந்த வருஷம் ஆத்தாளுக்கு மாவிளக்கு எடுப்பதாக வேண்டியிருந்தாள். வேண்டுதல் என்னவென்று ஊருக்கே தெரியும். மருமகள் மௌனிகாவுக்கு ஒரு குழந்தை பிறக்க வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் விசேஷமில்லை என்று பால்காரர் முதல் பஞ்சாயத்து மெம்பர் வரை எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டாள். இனி மாரியம்மனிடம் சொல்வதுதான் பாக்கி.

ஏன் விசேஷமில்லை என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தி மௌனிகா, மற்றவன் அவள் புருஷன் சந்துரு. பால் சொசைட்டியின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அது நிரந்தரமாகும்வரை குழந்தை வேண்டாம் என்று இருவருமாகப் பேசி முடிவெடுத்தார்கள். கோயமுத்தூரில் ஆளறியாத கடை ஒன்றில் கருத்தடை மாத்திரை வாங்கிவந்து, தினமும் விளக்கு வைத்த கையோடு ஒன்று போட்டுக்கொள்வாள். அட்டை இருக்கும் இடம் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில்.

அன்று சாயங்காலம் அட்டையை எடுத்தவளுக்குத் திக்கென்றது. மேல் வரிசையில் அவள் போட்டதெல்லாம் காலி, அது நியாயம். கீழ் வரிசையிலும் யாரோ கைவைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, இதுல நீங்க ஏதாச்சும் எடுத்தீங்களா?"

சந்துரு போனிலிருந்து தலையைத் தூக்கினான். "நானா? நான் அதைப் போட்டு என்ன பண்றது?"

"எலி கிலி வந்திருக்குமா?"

"எலி இத்தனை பதனமாப் பிதுக்கி எடுக்குமாக்கும்? அப்படியொரு எலி இருந்தா நானே சோறு போட்டு வளர்த்துவேன்."

மௌனிகா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. போன ஆவணியில் நாத்தனார் யோகப்பிரியாவின் கல்யாணத்துக்குக் கட்டப் பீரோவிலிருந்து புடவை எடுக்க வந்த சுப்பாத்தாள், இதே மாதிரி அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்து, "இதென்ன மாத்தர கண்ணு?" என்று கேட்டிருந்தாள். மௌனிகா புடவையை மடிப்பதுபோல் குனிந்துகொண்டாள். பிறகு வாயில் வந்ததைச் சொன்னாள்.

"கல்யாணத்தன்னைக்கு ஊட்டுக்குத் தூரமாயிட்டா என்னங்க அத்தை பண்றது? நாள் தள்ளிப்போறதுக்கு வாங்குனேனுங்க."

அந்தப் பக்கத்தில் கல்யாணம், நோம்பி, சபரிமலைக்கு மாலை என்றால் பெண்கள் மருந்துக் கடைக்குப் போய் நாள் தள்ளிப்போட மாத்திரை கேட்பது சர்வ சாதாரணம். யாரும் மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள். சுப்பாத்தாளும் தோண்டவில்லை. மாறாக, மருமகளின் முன்யோசனையை மெச்சி நாலு பேரிடம் பெருமையடித்தாள். இப்போது மாவிளக்கு நாள் நெருங்குகிறது. நாற்பத்தேழு வயதில் அவளுக்கு மாதக் கணக்கு முன்னே பின்னே ஆகத் தொடங்கியிருந்தது. மருமகள் பீரோவில்தான் மருந்து இருக்கிறதே!

விஷயம் விளங்கியதும் சந்துரு கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தான். பேரப்பிள்ளை கேட்டு விளக்கெடுக்கப் போகிறவள், பேரப்பிள்ளையை வரவிடாத மாத்திரையைத் திருடித் தின்கிறாள். மௌனிகாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மாத்திரை அட்டையோடு வந்த, இதுவரை பிரித்தே பார்க்காத துண்டுத்தாளை எடுத்துப் படித்தாள். சிரிப்பு நின்றது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் போடக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சுப்பாத்தாளுக்கு ரத்த அழுத்தம் வந்து மூன்று வருஷமாகிறது.

"நோம்பி முடியட்டும் மௌனி. அட்டையை வேற பக்கம் ஒளிச்சு வெச்சுட்டாப் போதும். இப்பச் சொன்னீன்னா அம்மா ஊரையே கூட்டீரும்."

ஒளித்துவைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சொன்னால் வீடு இரண்டுபடும், வேலைக்கே வேட்டு வந்தாலும் வரும். சொல்லாவிட்டால் அத்தைக்கு எது வேண்டுமானாலும் ஆகலாம். விடியும்வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டாள்.

காலையில் சுப்பாத்தாள் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாவு இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அத்தை, தலைக்கட்டு?"

"ரெண்டு நாளா மண்டை இடி தாங்கல கண்ணு. கண்ணு வேற மசமசங்குது."

"பிரசர் மாத்தர போட்டீங்களா?"

"அதை நிறுத்திட்டேன். ஒரே சமயத்துல எத்தனை மாத்தரதான் முழுங்கறது? நோம்பி தாண்டட்டும்னு உட்டுட்டேன்."

மௌனிகா உரலுக்குப் பக்கத்தில் போனாள். யோசிக்க இனி நேரமில்லை. உலக்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ற பீரோவுல எடுத்தீங்களே, அது நாள் தள்ளிப்போறதுக்கு வாங்குனதில்லீங்க. புள்ள உண்டாகாம இருக்க நான் தினமும் போடற மாத்தர. பிரசர் இருக்கறவங்க அதைப் போடவே கூடாதுங்க. ரத்தம் கட்டிக்கிட்டா உசுருக்கே ஆபத்துங்க அத்தை."

சுப்பாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் வந்தது கோபமில்லை.

"அப்ப உனக்குக் கொறை ஒண்ணுமில்லையா?"

"இல்லீங்க."

"அடிப்பாவி! உனக்கு ஏதோ கொறைன்னு நான் உள்ளுக்குள்ளயே செத்துட்டிருக்கேன். யாருகிட்டயும் கேக்கவும் முடியாம..." அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. வந்தது என்றால், கொட்டித் தீர்க்கும் கோபம்.

"வண்டியில ஏறுங்க மொதல்ல. திட்டறதைப் போற வழியில திட்டுங்க."

திட்டினாள். ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு விடாமல் திட்டினாள். வேகத்தடை வந்த இடங்களில் மட்டும் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாயை மூடினாள்.

மலையாளம் கலந்த தமிழ் பேசும் டாக்டர் சுஷ்மா அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். நர்சைக் கூப்பிட்டுச் சுப்பாத்தாளைப் படுக்கவைத்து மருந்து கொடுத்தார். அழுத்தம் இறங்கும்வரை ஒருவரையும் வெளியே விடவில்லை. இறங்கிய பிறகு இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு பிடி பிடித்தார்.

"எந்தாம்மே இது? அப்பளமா, ஆளுக்கொண்ணு எடுத்துக்க? இந்த வயசுல, இந்த பிரஷரோட இன்னும் கொஞ்ச நாள் போட்டிருந்தா வாய் கோணி, கைகால் வராமப் போயிருக்கும். நாள் தள்ளிப்போடறதுன்னாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான். மனசிலாயோ?"

சுப்பாத்தாள் தலையாட்டினாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த மௌனிகா பக்கம் திரும்பினார்.

"சிரிக்க வேண்டாம். நீங்க ஆரைக் கேட்டு ஆரம்பிச்சது? பிரஷர் பார்த்ததுண்டோ? தீராத ஒத்தைத் தலைவலி உண்டோ?"

ஒருத்தரையும் கேட்கவில்லை, பிரஷரும் பார்த்ததில்லை, தலைவலி மட்டும் இல்லை என்றாள் மௌனிகா. அவளுக்கும் கையில் பட்டை சுற்றிப் பார்த்தார்கள். நல்லவேளை, எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்றார் டாக்டர். ஒன்றை மறந்தால் ஞாபகம் வந்தவுடனே போட்டுவிட வேண்டும். இரண்டு மூன்று விட்டுப்போனால் ஒரு வாரத்துக்கு ஆணுறையும் வேண்டும், சந்தேகமிருந்தால் வந்து கேட்க வேண்டும். காலில் வீக்கம், நெஞ்சுவலி என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடிவர வேண்டும். இதையெல்லாம் மருமகளைவிட மாமியார்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"நிறுத்துனா அப்பறம் புள்ள உண்டாகுமுங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தாராளமா. இந்த மாத்திரையால அதுக்கொரு கெடுதலும் இல்லா."

திரும்பும் வழியில் இளநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினார்கள். சுப்பாத்தாளுக்குக் கோபம் ஆறியிருந்தது, மனத்தாங்கல்தான் மிச்சம்.

"என்றகிட்டச் சொல்லியிருந்தா என்ன?"

"கத்துவீங்கன்னு பயமுங்க அத்தை."

"கத்தத்தான் கத்துவேன். கத்துனா என்ன இப்ப? கத்தி முடிச்சாக் கேட்டுத்தானே ஆகோணும்?"

மௌனிகா இளநீரின் உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது.

மாத்திரையை நிறுத்திய இரண்டாம் நாளே சுப்பாத்தாளுக்குத் தூரமாகிவிட்டது. நோம்பிக்கு முந்தின நாள்! அழுதேவிட்டாள். அழுது முடித்து, மாவுத்தட்டை மருமகளிடம் காட்டி, "நீயே எடு. வேண்டுனதை உட முடியாது. என்ன கேக்கறதுன்னு உனக்கே தெரியும், நான் குறுக்க வரல" என்றாள்.

மறுநாள் அந்தி சாயும் நேரத்தில் மேளம் முழங்க ஊர்வலம் அவர்கள் வீட்டைத் தாண்டியது. சுப்பாத்தாள் வாசல் கேட்டுக்குள்ளேயே நின்று பார்த்தாள். தலையில் தட்டு, தட்டில் எரியும் மாவிளக்கு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மௌனிகா நடந்துவந்தாள், பக்கத்திலேயே சந்துரு. திடீரென்று சுப்பாத்தாள் மேளத்தையும் மீறிக் கத்தினாள்.

"சந்துரு! டேய்! அவ மாத்தர போட்டாளா, கேளு! நேரமாச்சு!"

ஊர்வலத்தில் பாதி பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ராமலட்சுமிக்குக் காது நீண்டது. "ஏனுங்கக்கா, மருமகளுக்கு என்ன சீக்கு?"

மௌனிகா தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் சுப்பாத்தாள், ஊருக்கே கேட்கும்படி. "அவளுக்கு எப்ப வேணுமோ அப்பப் பெத்துக்குவா. அதுக்குண்டான மாத்தர. உனக்கு வேணும்னா டாக்டரைப் போய்க் கேளு, என்ற மருமக பீரோவுல கையை வெச்சறாத!"

பெண்கள் கூட்டம் சிரிப்பில் குலுங்கியது. சந்துரு சட்டைப்பையிலிருந்து எடுத்து ஊட்டிவிட, மௌனிகா நடந்துகொண்டே மாத்திரையை விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டுக் கோயிலைப் பார்த்து நடந்தாள்.