மட்டன் ரோல்சுக்கு ஒரு பில்

“சாப்பாட்டுக்குப் பில் தாங்கோ அங்கிள்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று கனகசிங்கம் அண்ணை சொல்லியிருந்தார். அவர் 1997 மாநகரசபைத் தேர்தலில், கனடாவின் ஸ்காபரோவில் நின்றார். அவருடைய பிரசாரக் கணக்கை நான் பார்த்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்பதால் கிடைத்த சம்பளமில்லாத வேலை.

ஜெயரட்ணம் அங்கிள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஒரு மாதமாகத் தொண்டர்களுக்குக் கொத்துரொட்டியும் மட்டன் ரோல்சும் அவர்தான் கொண்டுவந்தார். சட்டப்படி அதுவும் நன்கொடை. விலை போட்டுக் கணக்கில் காட்ட வேண்டும். ஒருவர் இவ்வளவுதான் தரலாம் என்ற வரம்பும் உண்டு.

“பசிச்ச பிள்ளையளுக்குப் போட்டதுக்குப் பில்லோ?” அங்கிளின் முகம் கறுத்தது. “யூனிவர்சிற்றியில உந்தக் கணக்கையோ பிள்ளை படிச்சனீர்?”

“ஓம் அங்கிள். உந்தக் கணக்கைத்தான்.”

அண்ணை இடையில் புகுந்தார். “விடு துர்க்கா. அவர் ஒண்டும் எதிர்பாராமல் தாறவர்.”

“பின்ன?” என்றார் அங்கிள். “தம்பி, எலெக்சன் வெண்டாப் பிறகு என்ர புதுக் கலியாண ஹோலுக்குப் பார்க்கிங் பெர்மிட்டை மட்டும் மறந்திடாதேங்கோ.”

அண்ணை ரோல்ஸை மென்றபடி தலையாட்டினார்.

“அப்ப விலை தெரிஞ்சு போச்சு” என்றேன். “உங்கட கணக்குக்கு வேற ஆளைப் பாருங்கோ அண்ணை.”

“கோவத்தில முடிவெடுக்காதை. இரு, ஒரு ரோல்ஸ் சாப்பிடு.”

அவர் தலையாட்டியபோதே நான் முடிவெடுத்துவிட்டேன். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.