உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது

மாடி முன்னறைக்கு முதன்முதலாகக் குடிவந்த கால்நடை மருத்துவரை, வந்த வாரத்திலேயே மாமனார் ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டுவிட்டார். அந்த அறையின் வாடகை அன்றைக்கே கைவிட்டுப் போயிற்று என்பது மருமகளுக்குப் பின்னால்தான் விளங்கியது.

“மாப்பிள்ளைகிட்டப் போய் வாடகை கேப்பாங்களாம்மா? நாலு பேர் கேட்டா சிரிக்க மாட்டாங்க?” என்றார் மாமனார்.

“அவர் யாரைக் கட்டின மாப்பிள்ளை மாமா? உங்களுக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. அவங்களே பேரன் எடுக்கப் போறாங்க.”

“முறைன்னு வந்துட்டா வந்ததுதான்.”

மருத்துவர் யோக்கியமானவர். மாதம் பிறந்ததும் உறையில் பணத்தைப் போட்டு நீட்டத்தான் செய்தார். மாமனார் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி உறையை அவர் கைக்குள்ளேயே திணித்து, “வச்சுக்கங்க மாப்பிள்ளை, வெளியூர்ல செலவு இருக்கும்” என்று அனுப்பிவைத்தார். மாற்றலாகிப் போனபோது அவருக்குப் புதுப் போர்வை வாங்கிக் கொடுத்ததும் இந்த வீடுதான். அவருக்குப் பின் வந்த நர்ஸ்கள் இருவரும் குடித்தனக்காரர்களாக வந்து பேத்திகளாகப் போனார்கள். மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அட்வான்ஸ் தொகை, மேலே கொஞ்சம் சேர்த்து, மொய்யாகத் திரும்பிப் போயிற்று. மாடியில் ஆள் இல்லாத மாதமே கிடையாது. வருமானம்தான் படியிறங்கி வரவில்லை.

வீடோ, மாமனாரின் அப்பா கூட்டுக்குடும்பத்தை மனத்தில் வைத்துக் கட்டியது. குடும்பம் கலைந்து மூன்று பேராகச் சுருங்கிய செய்தி வீட்டுக்கு இன்னும் எட்டவில்லை. அது பழைய கணக்கிலேயே தின்றது. மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், மருமகளின் சம்பளத்தில் ஒரு பங்கை முனகிக்கொண்டே விழுங்கியது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த கணவனின் சம்பளம் சுவர்களுக்குப் போயிற்று. தபால் நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற மாமனாரின் பென்ஷன், ஆண்டுக்கொரு கதவாகக் கரைந்தது. போதாததற்கு மொட்டைமாடித் தளம் விரிசல் விட்டு, கூடத்தின் நட்டநடுவே ஒழுகத் தொடங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். ஒழுகுமிடத்தில் வைத்திருந்த வாளியைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். கையில் ஒரு காலிப் பெட்டி இருந்தது.

“யானையைக் கட்டித் தீனி போடுறீங்க” என்றார். “இன்னும் ஒரு மழைக்கு இந்தத் தளம் தாங்காது. மழைக்கு முன்னாடி சரிபண்ண முடியும்னா பண்ணுங்க. இல்லேன்னா வித்துடலாம். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வீடு பார்த்துக்கங்க. அப்பா என்கூட வந்துடட்டும்.”

“அப்பாவைக் கேக்க வேண்டாமாக்கா?” என்றான் கணவன்.

“அப்பாவைக் கேட்டா அப்பா என்ன சொல்லப்போறாரு? உனக்கும் சரின்னுவாரு, எனக்கும் சரின்னுவாரு. பெட்டியை விட்டுட்டுப் போறேன். துணிமணியை எடுத்து வைக்கட்டும்.”

“சரிம்மா” என்றார் மாமனார்.

மருமகள் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒற்றை அறையில், ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள் அவள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் சமையலறைக்கும் கொல்லைக்கும் இடையில் வழி தவறிவிடுவாள். ஏதோ ஓர் இருட்டு அறையில் போய் நின்று விழிப்பாள். அப்போதெல்லாம் நடையின் மூலையிலிருந்து ஒரு குரல், “இந்தப் பக்கம்மா” என்று சொல்லும். சிரிக்காமல் சொல்லும். அவள் வழி தெரிந்துகொள்ளும்வரை, வேறு வேலையே இல்லாதவர்போல மாமனார் அந்த மூலையில் செய்தித்தாளும் கையுமாக நின்றிருந்தார். அந்தக் குரலைப் பெட்டியில் வைத்து அனுப்புவதற்கு அவள் தயாராக இல்லை. இதை வாய்விட்டுச் சொல்வது அவள் வழக்கமில்லை. ஆகவே, சட்டம் போட்டாள்.

“இனிமே மாடிக்கு யார் வந்தாலும் சார், இல்லேன்னா மேடம். மாப்பிள்ளை கிடையாது, பேத்தி கிடையாது, தம்பி தங்கச்சி எதுவும் கிடையாது. உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா உங்க ரெண்டு பேருக்கும் வாடகை கேக்க வாய் வராது.”

“உனக்கு வருமா?” என்றான் கணவன்.

“எனக்கு வர்றதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் போர்வை வாங்கிக் குடுத்துடுறீங்களே.”

“சரிம்மா” என்றார் மாமனார். இந்தச் ‘சரி’யை அவர் காப்பாற்றினார் என்பதுதான் விசேஷம்.

அடுத்து வந்தவர் பல்செட் செய்கிறவர். ஐம்பதைத் தாண்டிய, தனி ஆள். ஓர் அறை குடியிருக்க, இன்னோர் அறை வேலைக்கு என்று மாடியின் இரண்டு அறைகளையும் எடுத்துக்கொண்டார். கேட்ட அட்வான்ஸை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் கொடுத்தார். பல் மருத்துவர்கள் அனுப்பும் வெள்ளைத் தாடை அச்சுகளை ஒரு கூடையில் போட்டுக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தூக்கிப்போகிறவர்போல அலுங்காமல் படியேறுவார். மூக்குக்கண்ணாடி எப்போதும் இடப்பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருக்கும். மருமகளுக்கு அது உறுத்தியது. அவள் வேலையே கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது. கோணலாக உட்கார்ந்த கண்ணாடியைப் பார்த்தால் அவள் விரல் சும்மா இராது. ஆனால் ஒரு சாரின் முகத்திலிருந்து கண்ணாடியை எப்படிக் கழற்றுவது?

சட்டம் நன்றாகவே வேலைசெய்தது. ஒன்றாம் தேதி உறை வந்தது. யாரும் அதை மடக்கித் திருப்பித் தரவில்லை. அட்வான்ஸை முன்பணமாகத் தந்தால் வேலையைத் தொடங்குவதாகக் கொத்தனார் ஒப்புக்கொண்டார். எல்லாம் சரியாக இருந்தது, மாமனாரைத் தவிர.

உறவைச் சொல்லித் தொடங்காமல் அவருக்கு வாக்கியமே வராது என்பதை வீட்டில் யாரும் அதற்குமுன் கவனித்ததில்லை. ‘சார்’ என்பது வேலைநாளெல்லாம் மேலதிகாரிகளிடம் சொல்லிப் பழகிய சொல். அதைச் சொன்ன மாத்திரத்தில் அவருடைய முதுகு தானாக நிமிரும். கை சட்டைப் பொத்தானைத் தேடும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். படியில் பல்செட்காரர் எதிர்ப்பட்டால், “சார்” என்று ஒதுங்கி நிற்பார். அவரும், “சார்” என்று ஒதுங்குவார். இருவரும் சுவரோடு சுவராக நின்று, யார் முதலில் போவது என்று தெரியாமல் விழிப்பார்கள். கொஞ்ச நாளில் மாமனார் படிப்பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். பிறகு, வீட்டுக்குள் பேசுவதும் குறைந்தது. காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளை ஓசையின்றிப் புரட்டினார்.

“என்ன மாமா, உடம்புக்கு முடியலையா?”

“நல்லாத்தாம்மா இருக்கேன். வாயைக் கட்டிட்டேன், அவ்வளவுதான்.”

“குத்திக்காட்டுறீங்களா?”

“உன்னையா? வாயைத் தொறந்தா முறை வந்துடுமோன்னு பயமா இருக்கும்மா. அதான்.”

கொத்தனார் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் காலையில், வானம் கறுத்துக்கொண்டு வந்த வேளையில், பல்செட்காரர் சாவியைக் கையில் பிடித்தபடி கீழே இறங்கி வந்தார்.

“இந்த மாசத்தோட காலி பண்ணிக்கிறேங்க.”

மருமகள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிட்டால் கொத்தனாருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. கொத்தனார் வராவிட்டால் தளமில்லை. அதற்கப்புறம், பெட்டி.

“தண்ணி சரியா வரலையா சார்?” என்றான் கணவன்.

“தாராளமா வருது.”

“மோட்டார் சத்தம்?”

“அது கேட்டாத்தான் வீட்டுல ஆள் இருக்கிற மாதிரி இருக்கு.”

“அப்புறம் என்ன சார்?”

பல்செட்காரர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இங்க இருந்த மாட்டு டாக்டர் என் சிநேகிதர். அந்த வீட்டுக்குப் போ, ஒரே வாரத்துல உன்னை உறவாக்கிடுவாங்கன்னு சொன்னார். எனக்கு வேலை குடுக்கிற ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இதைவிடக் குறைச்ச வாடகைக்கு இடம் இருந்துச்சு. வேண்டாம்னுட்டு இங்க வந்தேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்க மேல தப்பில்லீங்க. எல்லாருக்கும் எல்லாரையும் பிடிச்சாகணும்னு இல்லையே. என் மூஞ்சி அப்படி போல.”

மாமனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மருமகளைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மூடியபோது அவருடைய பழைய பல்செட் ‘டொக்’ என்றது.

பல்செட்காரரின் கண் சட்டென்று அங்கே போயிற்று. “கீழ்செட்டு ஆடுதுங்க. நான் வந்த அன்னைக்கே பார்த்தேன். ரெண்டு வார்த்தை பேசினா எடுத்துச் சொல்லலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பேசவே இல்லை.”

“நானாப்பா பேசலை?” என்று வெடித்தார் மாமனார். “சட்டம் போட்டது யாருன்னு கேளு!”

“என்ன சட்டம்?”

கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “உங்களை உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாதுன்னு வீட்டுல உத்தரவு. அப்பாவுக்கு உறவு இல்லாம வாக்கியம் வராது.”

“கூப்பிட்டா இவங்களுக்கு வாடகை கேக்க வராது” என்றாள் மருமகள். சொல்லும்போதே அது அவளுக்கு அற்பமாகப் பட்டது. “மாட்டு டாக்டர் ஒரு மாசம்கூடக் குடுக்கலை. நாங்க வாங்கலை. இந்தத் தளம் ஒழுகுது. மழைக்குள்ள சரிபண்ணலைன்னா வீடு போயிடும். மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. அதனாலதான்.”

“அப்ப, என்னைப் பிடிக்காம இல்லையா?”

“பிடிக்காமயா!” என்றார் மாமனார். “உன்னைப் பார்த்தா எனக்கு அப்படியே நம்ம மாப்…”

“மாமா!”

“சித்தப்பான்னு வச்சுக்கலாமா?” என்றான் கணவன், உதவியாக.

“சித்தப்பான்னா அவருக்கும் நாமதான் செலவு பண்ணணும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

அவள் பல்செட்காரரைப் பார்த்தாள். கண்ணாடி வழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் ஆடுகிற பல்லைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்ததைப்போலத்தான், அவளும் இந்தக் கோணலைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி இருந்திருக்கிறாள். கிட்டே போய்க் கண்ணாடியைக் கழற்றினாள். காதில் மாட்டுகிற வளைவை உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி, மயிரிழை அளவுக்கு வளைத்து, மறுபடி அவர் முகத்தில் மாட்டிவிட்டாள்.

“இப்பச் சரியா இருக்கா, அண்ணா?”

பேருந்திலும் கடையிலும் ஆயிரம் முறை சொன்ன சொல்தான். பதிலுக்குக் காத்துநின்று சொன்னது இதுதான் முதல் தடவை.

“நேரா இருக்கும்மா” என்றார் அவர். சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சந்தோஷம். அட்வான்ஸ் நாளைக்குக் கொத்தனார்கிட்டப் போகுது, அண்ணா. வாடகை ஒண்ணாந்தேதி தவறக் கூடாது. தங்கச்சிகிட்டச் சாக்குச் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

மாமனார் பதறினார். “அண்ணன்கிட்ட இப்படியாம்மா கேப்பாங்க?”

“அண்ணன்கிட்ட இப்படித்தான் மாமா கேப்பாங்க. உங்க பொண்ணு கூடப்பிறந்தவர்கிட்ட வந்து, வீட்டை விக்கச் சொல்லி என்ன கொஞ்சிக்கிட்டா கேட்டாங்க?”

மாமனாரால் அதை மறுக்க இயலவில்லை. யோசித்துப் பார்த்ததில் அவருக்கு அது மிகவும் பிடித்தும்போயிற்று. வாடகையும் வாங்கலாம், உறவும் சொல்லலாம். இப்படியொரு முறை இருப்பது இத்தனை நாளாகத் தமக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருந்தினார். மதியத்துக்குள் மாடிக்கு மூன்று தடவை ஏறி இறங்கினார். “மருமக அண்ணன், சாப்பிட்டாச்சா?” என்று அவர் கேட்டது தெருவரைக்கும் கேட்டது.

கொத்தனார் வந்தார், தளம் போட்டார், போனார். மழை வந்தது. மழையோடு நாத்தனாரும் வந்தார். குடையை மடக்கியவுடன் அண்ணாந்து பார்த்தார். கூடத்தின் நடுவே பழைய கறை மட்டும் இருந்தது, சொட்டு விழவில்லை. வாளியையும் காணோம்.

“தளத்தைப் போட்டுட்டீங்களா!” என்றவர், ஒரு நம்பிக்கையோடு சுவரோரமிருந்த தமது பெட்டியைப் பார்த்தார். அது மூடிக் கனத்திருந்தது. “பரவாயில்லை, அப்பா எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டாரு போல” என்றபடி குனிந்து திறந்தார்.

உள்ளே, வரிசை வரிசையாக வெள்ளைத் தாடைகள் அவரைப் பார்த்துச் சிரித்தன.

நாத்தனார் போட்ட கூச்சலில் கணவன் பின்கட்டிலிருந்து ஓடிவந்தான்.

“மெதுவாம்மா, உடைஞ்சுடும்” என்றார் மாமனார். “உன் பெட்டி நல்லா பூட்டுது. மருமக அண்ணன் அச்சு வைக்க இடமில்லாம தவிச்சாரு. நான்தான் குடுத்தேன்.”

“இவளுக்கு ஏதுப்பா அண்ணன்?”

“மாடியில இருக்கார்க்கா” என்றான் கணவன். “ரெண்டு ரூமுக்கும் வாடகை குடுக்கிறார்.”

“அண்ணன்கிட்ட வாடகையா? வெளிய சொல்லிடாதீங்க!”

“அண்ணன்கிட்ட வாங்காம வேற யார்கிட்டம்மா வாங்குவாங்க?” என்றார் மாமனார். ஒரு ‘டொக்’ இல்லாமல், சொல் சொல்லாக, சுத்தமாகச் சொன்னார். நாத்தனார் அப்போதுதான் அவர் வாயை உற்றுப் பார்த்தார்.

“பல்லு புதுசா?”

“அவரு பண்ணது. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு” என்றார் மாமனார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “அதுக்காக வாடகையைக் குறைச்சுடாதேம்மா.”

அவள் பதில் சொல்வதற்குள் மாடியிலிருந்து குரல் வந்தது.

“தங்கச்சி! தொட்டி நிரம்பி வழியுது! மோட்டாரை நிறுத்து!”

“வர்றேண்ணா!” என்று மருமகள் நடைக்குள் ஓடினாள்.