ஐந்து எண்களுக்கு இலவசம்

"நோய் தொடங்கிய நாள்" என்று எழுதிவிட்டு லுசுங்கு பேனாவை நிறுத்தினான். காரின் கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே ஈர மண்ணில் ஊன்றி, அடக்கத்தில் படிக்க வேண்டிய அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை மடியில் இரண்டு தாள்களில் எழுதிக்கொண்டிருந்தான். அப்பா பிறந்த ஆண்டு, புகையிலைக் கம்பெனியில் லாரி ஓட்டிய முப்பத்தொரு வருடம், அம்மாவின் சாவு எல்லாம் எழுதியாகிவிட்டது. இந்த இடத்தில் அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

சர்ச் மூப்பர் ம்ஸுமாரா குடையைத் தடிபோல ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"முடிச்சாச்சா தம்பி? ரெண்டு மணிக்குப் பெட்டிய வெளிய எடுக்கணும். மழை வேற மிரட்டுது."

"நோய் விவரம் மட்டும் பாக்கி ஐயா."

"அதத்தானே எல்லாரும் கேப்பாங்க. எப்படிப் படுத்தாரு, யாரு பாத்துக்கிட்டாங்க, பிள்ளைங்க என்ன செஞ்சீங்க, எல்லாத்தையும் மூத்தவன் வாயால சொல்லணும். நீங்க சொல்லலேன்னா ஊரு தானா ஒரு கதை கட்டும். அப்புறம் சூனியம், அது இதுன்னு ஆரம்பிச்சிடுவானுங்க."

லுசுங்கு தலையாட்டினான். புதன்கிழமை மதியம் தலைநகர் லிலோங்வேயில் அவனுக்கு வந்தது ஒரே ஒரு செய்தி. இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் தன் போனிலிருந்து அனுப்பியது. 'உங்கள் அப்பா கோண்ட்வே போய்விட்டார். உங்கள் எண்ணை அவர் நோட்டில் பார்த்து எடுத்தேன்.'

தங்கை டவோங்கா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கரோங்காவிலிருந்து காலையில்தான் வந்து சேர்ந்திருந்தாள். இடுப்பில் சுற்றிய சித்தென்ஜேத் துணி கசங்கியிருந்தது. "நியாமோயோ அத்தையக் கேளு அண்ணே. கடைசிவரைக்கும் அவங்கதான் இருந்தாங்களாம்," என்றாள். அவன் தயங்குவதைப் பார்த்துத் தானும் கூடவே வந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் பெண்கள் பெரிய பானைகளில் ந்ஸிமா என்ற மக்காச்சோளக் களியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நியாமோயோ அடுத்த வீட்டுக்காரி. மாவு மில் வாசலில் மந்தாஸிப் பணியாரம் பொரித்து விற்பவள். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் களியை மடித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"வாப்பா லிலோங்வேக்காரா. அந்தப் பக்கம் நில்லு, புகை உன் நல்ல சட்டையப் பாழாக்கிடும்."

"அத்தை, அப்பாவுக்கு எப்போ முடியாம போச்சு?"

"ஞாயித்துக்கிழம ஆபீஸ் போயிட்டு வந்து படுத்தாரு. அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

"ஆபீஸா?"

பானைகளைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். சாவு வீடு என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பிள்ளைக்கே தெரியாதாம்டி," என்றாள் ஒருத்தி.

நியாமோயோ மில்லுக்கு அந்தப் பக்கம் துடுப்பை நீட்டிக் காட்டினாள். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பெரிய கறையான் புற்று, செம்மண் நிறத்தில் நின்றிருந்தது.

"அதுதான் கோண்ட்வே ஆபீஸ். அது மேல ஏறினாத்தான் நீ போட்டுக் குடுத்த சிம்முக்கு உயிரு வரும். அஞ்சு மணியானா குளிச்சு, சட்டைய மாட்டி, ஷூ போட்டுக் கெளம்பிடுவாரு. எங்க போறீங்கன்னா 'ஆபீசுக்கு'ம்பாரு. நாங்க விடுவோமா? மேனேஜர் வர்றாரு வழி விடுங்கடின்னு கத்துவோம். ஏறுறதுக்கு மண்வெட்டியால படிகூட வெட்டி வச்சிருக்காரு மனுஷன்."

"வீட்டுக்குள்ள சிக்னல் இல்லையா?" என்றாள் டவோங்கா.

"பழைய சிம்முல கட்டில்ல படுத்துக்கிட்டே பேசுவாரு. இதுல எங்க?"

லுசுங்கு புற்றைப் பார்த்தபடி நின்றான்.

ஆகஸ்ட் மாதம் எந்தக் கம்பெனி, எந்தத் திட்டம் என்று ஒரு வாரம் அலசியவன் அவன்தான். அலுவலகக் கணினியில் நான்கு நிறத்தில் ஒரு அட்டவணை செய்தான். அவன், மனைவி, டவோங்கா, அவள் கணவன், அப்பா என்று ஐந்து எண்கள். ஐந்தும் ஒரே கம்பெனியில் இருந்தால் தங்களுக்குள் எத்தனை மணி நேரம் பேசினாலும் இலவசம். அந்த அட்டவணையை அனுப்பியபோது எதையோ பெரிதாகச் சாதித்ததுபோல இருந்தது. மாலையில் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிவதுபோலக்கூடக் கற்பனை செய்துகொண்டான்.

புதிய சிம்மைத் தானே கொண்டுவந்து போட்டான். தார்ச்சாலையில், காரின் பக்கத்தில் நின்று பார்த்தபோது மூன்று கோடுகள் தெரிந்தன. அது போதும் என்று நினைத்தான். இருட்டுவதற்குள் ம்ஸுஸு நகரத்தைத் தாண்ட வேண்டியிருந்ததால் வீட்டுக்குள் போகவில்லை.

"பழசும் உள்ளேயே கெடக்கட்டுமே. போன்ல ரெண்டு எடம் இருக்குல்ல," என்றார் அப்பா.

"ரெண்டும் இருந்தா நீங்க கொழம்பிப்போயி பழசுலதான் கூப்பிடுவீங்கப்பா. அப்புறம் இவ்வளவும் எதுக்கு?"

அப்பா "சரி" என்றார். லுசுங்கு பழைய சிம்மை வாங்கிக்கொண்டான். அது எங்கே போனது என்று இப்போது அவனுக்குத் தெரியாது.

முதல் வாரம் தினமும் பேசினான். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி என்று ஆனது. இலவசமானதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பதால் சில ஞாயிறுகள் அதுவும் விட்டுப்போனது. கடந்த ஞாயிறு ஐந்து மணிக்கு அவன் நண்பன் வீட்டில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழம நல்ல மழை," என்றாள் நியாமோயோ. "எறங்கி வாங்கன்னு கத்தினேன். 'பையன் கூப்பிடுற நேரம்'னாரு. நீங்களே கூப்பிட வேண்டியதுதானேன்னேன். 'அவனா கூப்பிடட்டும்'னுட்டாரு. ஒரு மணி நேரம் நின்னாரு. திங்கக்கெழம காய்ச்சல் அடிச்சுது. செவ்வாக்கெழம காலைல நெஞ்சுல விசில் மாதிரி சத்தம். எனக்குப் பயமாப் போச்சு. போனத் தூக்கிக்கிட்டு நானே ஆபீஸ்ல ஏறிட்டேன்."

அவள் களியைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"உனக்கு மூணு மிஸ்டு கால் குடுத்தேன்ப்பா. ரெண்டு மணி அடிக்கவிட்டு, நீ எடுக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். ஒனக்குத் தெரியாதா, உங்கப்பா காசு போயிடக் கூடாதுல்ல? ரெண்டு தடவ அப்படிப் பண்ணேன். மூணாவது தடவ நான் கட் பண்றதுக்கு முன்னாடியே டக்குனு நின்னுபோச்சு. சிக்னல் போயிடுச்சுன்னு நெனச்சேன். நீ திருப்பிக் கூப்பிடுவேன்னு அங்கயே நின்னேன். அப்புறம் அவரு தனியாக் கெடக்காரேன்னு எறங்கி ஓடினேன்."

செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி. அலுவலகக் கூட்டம். மேசைமேல் போன் இரண்டு முறை அடித்து நின்றது. திரையில் 'அப்பா' என்று வந்தது. மேலாளர் பேச்சை நிறுத்தி அவனைப் பார்த்தார். மூன்றாவது முறை அடித்தபோது லுசுங்கு சிவப்புப் பொத்தானை அழுத்தினான். மதியம் சாப்பிட்ட பிறகு திரும்ப அழைத்தான். தொடர்பில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. பேட்டரி தீரக் கூடாது என்று அணைத்து வைத்திருப்பார் என நினைத்துக்கொண்டான். மறுபடி அழைக்கவில்லை.

"அத்தை," என்று டவோங்கா ஆரம்பித்தாள். "அந்த போன்ல பேசினா காசே—"

லுசுங்கு அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்னடி?" என்றாள் நியாமோயோ.

டவோங்கா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல அத்தை. கண்ணு எரியுது."

"சொன்னேன்ல, அந்தப் பக்கம் நில்லுங்கன்னு."

இருவரும் காரை நோக்கித் திரும்பி நடந்தார்கள்.

"ஃப்ரீன்னு அவங்ககிட்ட யாருமே சொல்லலையா?" என்றாள் டவோங்கா.

"யாரு சொல்லுவா? சிம் போட்டப்போ அப்பாகிட்ட ஒரு தடவ சொன்னேன். அவ்வளவுதான்."

"அவங்க கட் பண்ணாம பேசியிருந்தா, நீ அன்னைக்கே ரும்பி ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வண்டி அனுப்ப வச்சிருப்பே."

"அவங்களுக்கு அது தெரிய வேண்டாம்."

"அவங்களுக்குத் தெரிய வேண்டாம், சரி." அவள் அவன் கையிலிருந்த தாள்களை வாங்கிப் படித்தாள். "இது என்ன? 'பிள்ளைகள் நாங்கள் தினமும் தொலைபேசியில் தொடர்பில் இருந்தோம்.' எப்ப எழுதினே?"

"காலைல."

"அழகா எழுதியிருக்கே. ஊரே தலையாட்டும். ஆனா 'நாங்கள்'னு போடாத. அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சிம்ம மாத்துன்னு நான் அப்பவே சொன்னேன். நீ கலர் கலரா ஒரு பேப்பர அனுப்பினே. 'நான் தொடர்பில் இருந்தேன்'னு எழுதிக்கோ."

அவள் தாள்களை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். அவன் காரில் உட்கார்ந்து, அத்தை சொன்ன நோய் விவரத்தை எழுதி முடித்துவிட்டு, அந்த வரியை அடிக்கப் போனான். அடித்துவிட்டால் அதன் இடத்தில் எதை எழுதுவது? வீட்டுக்குள் பாட்டு ஓங்கியது. பெட்டியை எடுக்கிறார்கள் என்று புரிந்தது. வரி அப்படியே இருந்தது.

முற்றத்தில் ஒரு பக்கம் ஆண்கள் பெஞ்சுகளிலும், மறுபக்கம் பெண்கள் பாய்களிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெட்டி. ம்ஸுமாரா மைக்கை அவன் கையில் கொடுத்து, "நிதானமாப் படி," என்று காதருகே சொன்னார்.

லுசுங்கு படித்தான். பிறந்த ஆண்டுக்கும் லாரிக்கும் ஆண்கள் உறுமி ஆமோதித்தார்கள். ஒரு கிழவர், "நல்ல டிரைவர்!" என்று குரல் கொடுத்தார். நோய் விவரம் வந்ததும் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்தார்கள். பெண்களின் முதல் வரிசையில் நியாமோயோ முதுகை நிமிர்த்தினாள். பார்த்துக்கொண்டவர்களின் பெயரைச் சொல்லும் இடம் இது. முகத்தைக் கழுவி, நல்ல தலைத்துணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் தந்தை மழையில் நனைந்தார். திங்களன்று காய்ச்சல் கண்டது. பக்கத்து வீட்டு நியாமோயோ அவர்கள் இரவும் பகலும் உடனிருந்து கவனித்துக்கொண்டார்கள்."

பெண்கள் அவள் தோளைத் தட்டினார்கள். அடுத்த வரி தயாராக இருந்தது. "பிள்ளைகள் நாங்கள் தினமும்," என்று படித்தான். டவோங்கா பாயின் ஓரத்தைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லுசுங்கு தாளை மடித்தான்.

"செவ்வாக்கிழம பதினொன்றரை மணிக்கு அத்தை எனக்கு போன் பண்ணாங்க," என்றான். தன் குரல் எழுத்திலிருந்து பேச்சுக்கு இறங்கிவிட்டதை அவனே கேட்டான். "மணி அடிச்சுது. நான் பக்கத்துலதான் இருந்தேன். அப்பான்னு பேரு வந்துச்சு. பாத்தேன். நான்தான் கட் பண்ணேன்."

"சிக்னல்ப்பா அது!" பாயிலிருந்து எழுந்து நியாமோயோ சத்தமாகச் சொன்னாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "ஐயா, இந்தப் பிள்ள மேல தப்பில்ல. அங்க சிக்னல் அப்படித்தான், டக்குனு போயிடும். எல்லாருக்கும் தெரியும்!"

"சிக்னல் போகல அத்தை," என்றான் லுசுங்கு. "நான் கட் பண்ணேன்."

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மெதுவாக உட்கார்ந்து, தலைத்துணியின் நுனியை எடுத்து மடியில் வைத்து நீவத் தொடங்கினாள்.

ம்ஸுமாரா தன் நிகழ்ச்சித் தாளைப் பார்த்தார். அடுத்து பாட்டு என்றுதான் அதில் இருந்தது. பாடகர் குழுவைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் எழுந்து நின்றார்கள். ஆனால் மைக் இன்னும் லுசுங்குவின் வாயருகிலேயே இருந்தது. யாரும் அதை வாங்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் குழு காத்திருந்தது. அவன் மூச்சு விடுகிற சத்தம் முற்றத்தைத் தாண்டி, மக்காச்சோளக் கொல்லைவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.