காஸாவுக்குப் பந்தி பரிமாறிய செந்தாமரை

பிறவி மருந்தீசர் சன்னதியில் கற்பூரத்தை அணைத்துச் சொல்லத் தயார்: கீழே இருப்பதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. கூட்டிச் சொல்லியிருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நம்புவார்களோ மாட்டார்களோ என்று சில இடங்களில் குறைத்தே சொல்லியிருக்கிறது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் செந்தாமரை சத்துணவு அமைப்பாளர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ், இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள். அவள் கரண்டியோடு வந்து நின்றால் ஒரு பிள்ளை எழுந்திருக்காது, ஒரு தட்டு உருளாது. ஒரு ஆடிக்காற்றில் சமையல் கூடத்துத் தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தபோதுகூட வரிசை கலையவில்லை. தகரம்தான் வெட்கப்பட்டுப்போய் இரண்டு வயல் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

அப்படிப்பட்டவள் ஒரு நாள், அண்டா கழுவிக் கவிழ்த்த பிறகு, கைப்பேசியில் அந்த வீடியோவைப் பார்த்தாள். காஸா. கம்பித் தடுப்புக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். கையில் குண்டான், வாளி, பெயிண்ட் டப்பா, எது கிடைத்ததோ அது. உள்ளேயிருந்து ஒருவர் பருப்புக் கஞ்சியை மொண்டு ஊற்றுகிறார். முண்டியடித்ததில் பாதி தரையில் போகிறது. ஓரத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒரு சிறுமி, ஏழு வயது இருக்கும், அலுமினியக் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். நாற்பது விநாடி வீடியோ. நாற்பதாவது விநாடியிலும் கிண்ணம் காலி.

செந்தாமரை மறுபடி போட்டுப் பார்த்தாள். மறுபடியும் காலி. பதினோராவது தடவை பார்த்தபோதும் அந்த ஆள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கிண்ணம் நிறைந்தாக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நேரே பள்ளிக்கூடத்துக்கு எதிரே காதர் மைதீன் டீக்கடைக்குப் போனாள். குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டல் சமையலில் இருந்துவிட்டு வந்தவர் அவர்.

"அண்ணே, இவங்களுக்குப் பந்தி வைக்கத் தெரியலையா? யாரு அங்க பொறுப்பு?"

"அங்க சண்டை நடக்குது, டீச்சர்."

"சண்டை நடந்தா பிள்ளைய இப்படி நெரிய விட்டுத்தான் சோறு போடணுமா? உக்கார வெச்சுப் போட்டா குண்டு ரெண்டு கூட விழுமா? உங்களுக்கு அரபி தெரியும்ல, பேசுங்க."

குவைத்தில் அவரோடு ஒரே அறையில் இருந்த காஸாக்காரர் ஒருவருக்குத் தம்பி உண்டு, அபு சமீர் என்று பெயர். அவர் இப்படி ஒரு கஞ்சித்தொட்டி நடத்துவதாகக் கேள்வி. அவருடைய கைப்பேசி எண்ணும் காதர் மைதீனிடம் இருந்தது. செந்தாமரை தமிழில் சொல்ல, காதர் மைதீன் அரபியில் வாட்ஸப் குரல் செய்தியாக அனுப்ப, டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. எந்த அலுவலகத்திலிருந்தும் செந்தாமரைக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை.

"வரிசையா உக்கார வைக்கச் சொல்லுங்க."

"உக்கார இடம் இல்லையாம். பள்ளிக்கூடத்துக்கு உள்ள முழுக்கக் குடும்பங்க, வெளிய முழுக்கக் கூடாரம்."

"ஒரு தார்ப்பாயை விரிக்க எவ்வளவு நேரம்?"

"அதுதான் கூரையாம்."

"சரி, அடுப்பை எட்ட வைக்கச் சொல்லுங்க. என்ன எரிக்கிறாங்க?"

"கிளாஸ் பெஞ்செல்லாம் எரிச்சாச்சாம். இப்ப பிளாஸ்டிக்காம்."

"பிள்ளை சாப்பிடுற சோத்துக்கா? நம்ம இன்ஸ்பெக்‌ஷன்ல வந்தா கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க. தண்ணி?"

"லாரி வந்தா உண்டாம்."

செந்தாமரை கடைமடைக்காரி. மேட்டூரில் திறந்த தண்ணீரை வாய்க்காலில் பார்ப்பதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடுகிற ஊர். "அப்ப முறை வெச்சு விடச் சொல்லுங்க," என்றாள்.

"முறையெல்லாம் இருக்காம். லாரிக்கு டீசல்தான் இல்லையாம்."

"மாவு, பருப்பு?"

"எல்லையில லாரி லாரியா நிக்குதாம். உள்ள விட மாட்டேங்கிறாங்களாம்."

"எவன் விட மாட்டேங்கிறான்? அவன் நம்பரக் குடுக்கச் சொல்லுங்க."

காதர் மைதீன் அதை மொழிபெயர்க்கவில்லை.

"போகட்டும். காலையில எத்தனை பிள்ளைன்னு எண்ணச் சொல்லுங்க. பத்து மணிக்கு எண்ணிக்கை வரலன்னா நான் உலையே வைக்க மாட்டேன்."

இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அவர் ஒரு டீயைத் தேவைக்கு அதிகமாக ஆற்றினார். "எண்ணுறாங்களாம், டீச்சர். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ரெண்டும் ஒத்துப்போறதில்லையாம்."

செந்தாமரை அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு, "எதைச் சொன்னாலும் இல்லைங்கிறாரு. இந்த ஆளை வெச்சுக்கிட்டு நான் என்னத்தப் பண்றது?" என்றாள்.

"அவரும் அதையேதான் கேக்குறாரு. யாரு இந்தம்மா, என் மேலதிகாரியான்னு."

மறுநாள் அவள் தன் பிள்ளைகளோடு காஸாப் பிள்ளைகள் அறுநூறு பேரையும் சேர்த்து எண்ணூற்றுப் பதினான்கு பேருக்குச் சமைத்தாள். அரிசி எங்கிருந்து வந்தது என்று அண்டாவே கேட்கவில்லை, நாம் கேட்க வேண்டாம். அபு சமீரை வீடியோவில் வரச் சொல்லி, கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "உக்காரு" என்றாள். தமிழில்தான். அறுநூறு பிள்ளைகளும் உட்கார்ந்தன, இடமே இல்லாத அந்த இடத்தில். மேலே சுற்றிக்கொண்டிருந்த ட்ரோன்கூட இறங்கிவந்து வரிசைக் கடைசியில் நின்றது. "அதுக்கு இங்க தட்டு கிடையாதுன்னு சொல்லுங்க," என்றாள். காதர் மைதீன் சொன்னார். போய்விட்டது.

கைப்பேசியில் சாம்பார் பட்டால் கெட்டுவிடும் என்று காதர் மைதீன் அதன் கண்ணாடித் திரைமேல் வாழை இலைக் கிழிசலை ஒட்டிக் கொடுத்தார். இந்தப் பக்கம் ஊற்ற ஊற்ற அந்தப் பக்கம் விழுந்தது. தூரம் அதிகம் இல்லையா, கொஞ்சம் ஆறிப்போய்த்தான் விழுந்தது. முட்டையை மட்டும் நெட்டுவாட்டில் கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் வரிசையில் முதல் ஆள் பச்சைச் சட்டை. அவளுக்கு மட்டும் செந்தாமரை இரண்டு கரண்டி போட்டாள், சர்வீஸிலேயே முதல் தடவையாக. கிண்ணம் நிறைந்தது. அவள் அவசரப்படாமல் சாப்பிட்டாள், விரலை நக்கினாள், நிமிர்ந்து ஏதோ சொன்னாள்.

"என்னங்கிறா?"

காதர் மைதீன் தயங்கினார். "உப்பு கம்மியாம்."

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு பிள்ளை என்னை இப்படிச் சொன்னதில்ல. நாளைக்கு வரட்டும், பேசிக்கிறேன். வருவால்ல? கேளுங்கண்ணே, நாளைக்கு வருவாளான்னு கேளுங்க."

வருவாளாம்.

காதர் மைதீனின் கைப்பேசியிலிருந்து அந்த எண்ணுக்குப் போன குரல் செய்திகள் மொத்தம் பதினேழு. பதினேழுக்கும் இன்றுவரை ஒற்றை டிக்தான்; போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் ஒன்றுக்குக்கூட விழவில்லை.