கட்டளை இல்லை

"வரலன்னு சொல்லிரு. வகுத்துல எட்டு மாசப் பிள்ளை. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. சொன்னாத்தான் என்ன?"

கணவன் அருள்பாண்டி வாசலை மறித்து நின்றான். பாண்டீஸ்வரி சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். விடிந்ததிலிருந்து தலைவலி, வாந்தியும் எடுத்திருந்தாள்.

"எப்பிடிச் சொல்ல? சார் கட்டளையா போட்டாரு? 'முடிஞ்சா வாம்மா'ன்னு கேட்டாரு. அதட்டுனா மறுத்துப் பேசலாம். கேக்குறவர்கிட்ட என்னத்தப் பேச?"

பேராசிரியர் அழகுமலையின் பேரனுக்கு அன்று அழகர்கோவிலில் காதுகுத்து. அவர் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறுவது அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள்தான். அடுத்த மாதம் பாண்டீஸ்வரியின் ஆய்வேட்டில் அவர் கையெழுத்திட வேண்டும். நாவல்களில் மாணவர்கள் ஆசிரியரிடம் எப்படிப் பணிந்து பேசுகிறார்கள் என்பதுதான் அவள் எடுத்த தலைப்பு.

"அம்புட்டு நாவல் படிச்சியே, ஒருத்தனாச்சும் வாத்தியார்கிட்ட முடியாதுன்னு சொல்லிருக்கானா?"

"சொன்னா கதை அங்கயே முடிஞ்சிரும் மாமா."

சிரித்தாள். அவன் வழிவிட்டான்.

மண்டபத்தில் சாம்பார் வாளியோடு நடக்கையில் இலைகள் மங்கலாகத் தெரிந்தன. வாளியை வைத்துவிட்டுப் பேராசிரியரிடம் போனாள்.

"சார்..."

"சொல்லும்மா. முகமே வாடிக் கெடக்கே. வீட்டுக்குப் போறியா?"

அன்பாகத்தான் கேட்டார். கேட்டபடியே, சோற்றுக்குக் காத்திருந்த வரிசையைப் பார்த்தார்.

"இல்ல சார். தண்ணி குடிக்க வந்தேன்."

கடைசிப் பந்தியில் வலிப்பு வந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பேராசிரியர் ஆனையூர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார். பின்னால் அவருடைய மாணவர்கள் நான்கு பேர். அருள்பாண்டி ஐந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டான். பேராசிரியர் மட்டும் உட்கார்ந்தார்.

"முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே தம்பி. நான் என்ன போக வேணாம்னா சொல்லிருப்பேன்? எம் மக மாதிரில்ல வச்சிருந்தேன்."

அவர் கண்ணீர் பொய்யில்லை.

அருள்பாண்டி ஷாஹீதாவைப் பார்த்தான். நால்வரில் ஒருத்தி, அன்று பாண்டீஸ்வரியோடு பந்தி பரிமாறியவள்.

"உக்காரும்மா."

"பரவால்லண்ணே."

"நீங்க உக்காருங்க தம்பி," என்றான் அடுத்து நின்ற மாணவனிடம்.

"இருக்கட்டும்ணே."

நால்வரும் சுவரை ஒட்டி நின்றார்கள். அருள்பாண்டி பேராசிரியர் பக்கம் திரும்பினான். குரல் உயரவில்லை.

"எந்திரிங்க சார்."

"என்ன தம்பி?"

"நீங்க எந்திரிச்சாத்தான் இவுங்க உக்காருவாங்க. எந்திரிங்க."

பேராசிரியர் எழுந்து நின்றார்.

ஐந்து நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன.