இருநூற்றுப் பன்னிரண்டு தாய்மாமன்கள்

ஆட்டையாம்பட்டி நிறுத்தத்தில் முறுக்குக்காரர் சன்னலோரம் வந்து நின்றதும் வித்யா பழக்கதோஷத்தில் கைப்பையைத் திறந்தாள். பிறகு நினைவு வந்து மூடிக்கொண்டாள். பார்க்கப் போகிற மாமாவுக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சூரமங்கலத்தில் பஸ் ஏறும்போதே ஒரு கிலோ சாத்துக்குடி வாங்கியாயிற்று. சாத்துக்குடியோடு போய் நிற்கிற ஆள் நல்ல ஆளாகத்தான் இருக்கும் என்று யாராவது நம்பினால் சரி. மடியில் லேப்டாப், லேப்டாப்புக்கு அடியில் கையெழுத்து வாங்க வேண்டிய ஒற்றைத் தாள். புருஷன் இனியன் அதற்குள் போனில் மூன்று முறை கேட்டுவிட்டான், வாங்கிவிட்டாயா என்று. அவள் இன்னும் பஸ்ஸில் இருக்கிறாள் என்பது அவனுக்கும் தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

புருஷனும் பெண்டாட்டியும் மூன்று வருஷமாக ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் ‘உளவாளி உத்தமன்’. அந்தக் காலத்துத் துப்பறியும் படங்களைக் கேலி செய்கிற சுடும் விளையாட்டு. ஆடுகிறவர்தான் உத்தமன். திரையில் அவனுடைய கையுறையும் துப்பாக்கியும் பெல்பாட்டத்தின் நுனியும் மட்டும் தெரியும். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு அடியில் வில்லனின் குகை. சிவப்பும் பச்சையுமாக மின்னும் பல்புகள், தானாகச் சுற்றும் நாற்காலி, எதற்கென்றே தெரியாத முதலைத் தொட்டி. சாப்பிட்டால் பொய்யே வராத ஒரு மருந்தை முட்டைக்குள் ஏற்றி நாடெங்கும் லாரியில் அனுப்புவது வில்லனின் திட்டம். நாடே உண்மை பேச ஆரம்பித்தால் ஒரு குடும்பமாவது மிஞ்சுமா? அதைத் தடுக்கத்தான் உத்தமன் இறங்குகிறான்.

குகையைக் காக்கிற அடியாட்களுக்கெல்லாம் ஒரே முகம். பழைய விளையாட்டுகளில் அப்படித்தான் இருக்கும், அதுவே ஒரு கேலி. கொங்கு நாட்டு அடியாட்கள் என்பதால் சுடுவதற்கு முன்னால் மரியாதை தவற மாட்டார்கள். “ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க, சுடோணுங்க” என்பார்கள். முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் இதற்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியிட ஒப்புக்கொண்ட வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அவர்களும் அந்த முகத்தையும் குரலையும்தான் கேட்டார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில், அந்த முகத்துக்கு உரியவரின் சம்மதக் கையெழுத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு வியாழன்.

அந்த முகமும் குரலும் வித்யாவின் தாய்மாமன் தங்கமுத்துவுடையவை.

குரல் கொடுத்தது அவருக்குத் தெரியும். போன வருஷம் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியவரே அவர்தான். கம்ப்யூட்டர் விளையாட்டு, போலீஸ் கதை என்று மட்டும் சொன்னாள். தான் போலீஸ் அதிகாரி என்று அவர் தாமாகவே முடிவு செய்துகொண்டார். மல்லசமுத்திரம் டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தார். வித்யா திருத்தவில்லை. திருத்தலாம், அடுத்த வாரம் திருத்தலாம் என்று இருந்தபோது அவருக்கு நெஞ்சு வலித்துவிட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கை ஓரம் நின்றுகொண்டு, மாமா, நீங்கள் போலீஸ் இல்லை, சுடப்படுகிற அடியாள் என்று எந்த வாயால் சொல்வது?

முகம் சங்கதி வேறு, அது அவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு மனுஷத் தலையைக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டுமானால் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று எல்லாக் கோணத்திலும் படம் வேண்டும். ஆள் வைத்துப் படம் எடுக்கக் காசில்லை. ஒரு மத்தியானம் இனியன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரே ஒருவரின் தலைதான் எல்லாப் பக்கமிருந்தும் விழுந்திருந்தது. ராசிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பையன் வேண்டாம் என்று வித்யாவின் அப்பா கல்யாணத்துக்கே வரவில்லை. சீர் கொண்டு வந்தது, நெற்றியில் பட்டம் கட்டியது, அப்பா நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் நின்றது, கடைசியில் கார் கதவைச் சாத்தியது வரைக்கும் மாமாதான். ஒரு படத்தில் முகூர்த்தக்கால் ஓரம் முதுகைக் காட்டி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் பின்மண்டைக்கு மிகவும் பயன்பட்டது. அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள். 

மாமா முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருஷம் ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். இப்போது மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி சுவருக்குச் சுவர் இருபது நிமிஷம் நடக்கிறார். பனியனுக்குள் தோளெலும்பு தெரிந்தது. ஆராயி அத்தை சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு, அவர் கேட்காத மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, வித்யாவைச் சாப்பிடச் சொன்னாள். இந்த வீட்டில் இரண்டு மாதமாகச் சாவு என்ற சொல்லே கிடையாது. சாவு மேளம் தெருவில் போனால்கூட அத்தை டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

“பொட்டியக் கொண்டாந்தியா அம்மிணி?” என்றார் மாமா.

லேப்டாப்பிலேயே காட்டலாம், முதல் அறையோடு நிறுத்திவிடலாம், மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்பதுதான் வித்யா பஸ்ஸில் போட்டு வந்த திட்டம். மாமா டிவியில் மாட்டுவதற்கு ஒயரே வாங்கி வைத்திருந்தார். சின்னத் திரையில் தன் கண்ணுக்குத் தெரியாதாம். நாற்பத்து மூன்று அங்குல டிவி. வித்யா ஒயரைச் சொருகினாள்.

மௌஸைப் பிடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ரிக் வண்டியில் லிவர் பிடித்த கை. உத்தமன் கோழிக் கூண்டுகளுக்கு நடுவே நடந்தான். ஒரு கோழி அவன் துப்பாக்கிக் குழலின் மேல் ஏறி உட்கார்ந்து முட்டையிட்டது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ. வித்யா, இதோடு மின்சாரம் போய்விடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ, “ஏனுங்க, யாருங்க அங்க?” என்றார்கள்.

“என்ற கொரலு” என்றார் மாமா, அத்தையைத் திரும்பிப் பார்த்து.

கதவு திறந்தது. திரை முழுக்க, கோடு போட்ட பனியனும் கையில் துப்பாக்கியுமாக, மீசைக்கு அடியில் இருக்கிற மச்சம் முதற்கொண்டு தங்கமுத்து நின்றார். மாமாவின் விரல் அசையவில்லை. திரையிலிருந்தவர் நில்லுங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சுட்டார். திரை சிவந்து, ‘உத்தமன் காலி’ என்று எழுத்து வந்தது.

 மாமா மௌஸைப் பார்த்துக்கொண்டே, “எம்மூஞ்சிய எதுக்கு சாமி வெச்ச?” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

கலை, கேலி, பழைய பாணி என்று பஸ்ஸில் கோத்து வைத்திருந்த எதையும் அவள் எடுக்கவில்லை. “எல்லாப் பக்கமிருந்தும் போட்டோ இருந்தது உங்களுக்கு மட்டுந்தானுங்க மாமா. என்ற கல்யாணத்துல” என்றாள்.

“எத்தன பேரு இப்பிடி?”

“இருநூத்திப் பன்னெண்டு.”

அத்தை எழுந்துவிட்டாள். குரல் உயரவில்லை. “ஒரு உசுரு நிக்கோணும்னு எத்தன கோயிலு ஏறி எறங்கினேன் தெரியுமா சாமி? நீ இருநூத்திப் பன்னெண்டு தடவ சுடச் சொல்லி ஊருக்கே குடுக்கப் போற.” சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் ஒரு பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரே பாத்திரத்தை வெகுநேரம் கழுவினாள்.

வித்யாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவர் மூச்சு சரியாக வருகிறதா என்று பனியனையே பார்த்தாள். அப்பா பேச்சை நிறுத்தியபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை, அப்போது இவர் இருந்தார். முகத்தை மாற்றிவிடுகிறேன் மாமா, வேறு முகம் வைத்துவிடுகிறேன் என்று வேகவேகமாகச் சொன்னாள். மாற்ற நாலு மாதமாகும், அதுவரைக்கும் கம்பெனி காத்திருக்காது, மூன்று வருஷம் போனது போனதுதான். அப்படியும் அந்த நேரத்தில் அவள் மனதாரத்தான் சொன்னாள். பைக்குள் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. ஆனால் தாள் மட்டும் எப்படியோ வெளியே வந்து டீப்பாயில் கிடந்தது. அவள்தான் எடுத்து வைத்திருக்க வேண்டும். எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாமா தாளைப் பார்த்தார். எடுக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “மறுக்கா போடு” என்றார்.

இந்த முறை அவர் கதவுக்கு நேரே போகவில்லை. கோழித் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் உத்தமனைக் குனிய வைத்து, பக்கவாட்டு வழியாக உள்ளே நுழைந்து, பெரிய டேப் ரிக்கார்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். அவ்வளவு தந்திரமாக முதல் நாளே யாரும் ஆடியதில்லை. அடியாள் பார்க்கவில்லை. யாரும் வராவிட்டால் அடியாட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தான். காவலுக்கு நடந்தான். அந்தச் சுவர்வரை போய், திரும்பி, இந்தச் சுவர்வரை வந்தான். உத்தமன் துப்பாக்கியின் குறிப்புள்ளி அந்த அடியாளின் முதுகின் மேல் இருந்தது. மாமாவின் ஆள்காட்டி விரல் மௌஸ் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

உள்ளேயிருந்து ஏதோ சொல்ல வந்த அத்தை ஈரக்கையோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். கல்யாண வீடியோவில் சீர்த்தட்டோடு மண்டபத்துக்குள் வருகிற மாமாவைப் பார்த்துத்தான் இனியன் அந்த நடையைச் செய்திருந்தான். இடது தோளை ஒரு அங்குலம் தூக்கி, தரை தனக்குத்தான் என்பதுபோல அழுத்தி வைக்கிற நடை.

“தோளத் தூக்கிட்டுப் போறதப் பாருங்க” என்றாள் அத்தை. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. கையைத் துடைக்காமலே மாமாவின் நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

போன் மறுபடியும் அதிர்ந்து ஓய்ந்தது. விசிறிக் காற்றில் தாளின் ஒரு முனை எழுந்து எழுந்து படுத்தது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் ஒளிந்திருந்தால் அடியாள் கண்டுபிடித்துவிடுவான். அந்த விதியை எழுதியவளே வித்யாதான். ஒன்றரை நிமிஷம் ஆகிவிட்டது.

“மாமா, இதுக்கு மேல நின்னா அவன் பாத்துருவானுங்க.”

“இருக்கட்டும் சாமி” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்ச நேரம் நடக்கட்டும்.”

அவன் சுவரைத் தொட்டு, திரும்பி, அவர்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான்.